மாமி வீட்டில் இல்லாத வயர்

கல்முனை பஸாரில் போன் திருத்தும் தம்பிமார் சிலர் போன கிழமை என்னைக் கூப்பிட்டு, பால் சேர்க்காத ஒரு பிளேன்டியும் இரண்டு பட்டிஸும் தந்து, தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் என்ன காதியாரா, தீர்ப்புச் சொல்ல? ஆனால் பட்டிஸ் சூடாக இருந்தது. அதனால் உட்கார்ந்தேன்.

வழக்கு இதுதான். சார்ஜ் வயர் ஏறும் துளையை நாங்கள் கடைக்காரர்கள் வாய் என்றுதான் சொல்வோம். முன்பு ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு வாய். இப்போது எல்லாம் டைப்-சி என்கிற சப்பட்டை வாயாகிவிட்டது. ஐபோன்கூட மாறிவிட்டது.

"இனி ஒரு வீட்டுக்கு ஒரு வயர் போதும் ராத்தா. வயர்ச் சண்ட முடிஞ்சி" என்றார் ஒரு தம்பி.

"வயர் என்னத்துக்கு? தட்டுல வெச்சாத் தானா ஏறுது. இன்னும் கொஞ்சக் காலத்துல போன்ல ஓட்டயே இரிக்காது" என்றார் மற்றவர்.

"ஓட்ட இல்லாட்டி நாம மறுகா என்னத்தத் திருத்துற? ஒண்ட மூக்கையா?" என்று மூன்றாமவர் பாய்ந்தார்.

கொஞ்ச நேரம் இப்படியே போனது. ஒருவர் வயர் கட்சி, ஒருவர் தட்டுக் கட்சி, மற்றவர் சோற்றுக் கட்சி. கடைசியில் மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நேரே பதில் சொல்லவில்லை. வயர் ஒன்றால் ஒரு கலியாணம் முறியப் பார்த்த கதையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "ராத்தா, இத எழுதித் தாங்க" என்றார்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டேன். பெயரை மாற்றினால் போதும் என்றார்கள். ஆகவே பெயர்கள் மட்டும் பொய்.

நான் ஜெஸீமா. லாபிர் ஹாஜியாரின் போன் கடையில் பெண்கள் பக்கத்தில் வேலை செய்தேன். கண்ணுக்கு ஒரு ஸ்குரூ இரண்டாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் இருக்கிறேன். அதற்கு முன் தையற்காரியாக இருந்தவள். எங்கள் ஊர்ப் பெண்கள் போன் பழுதானால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாலும் பூட்டுவார்களே தவிர, ஆண்பிள்ளைகள் கையில் கொடுக்கமாட்டார்கள். உள்ளே கலியாணப் படம், பிள்ளைப் படம், நாத்தனாரைப் பற்றி மச்சிக்கு அனுப்பிய குரல் செய்தி எல்லாம் இருக்கும். இதைக் கண்ட ஹாஜியார் கடையின் ஒரு மூலையில் திரை கட்டினார். "ஊசியில நூல் கோக்கிற கைக்கு இது ஒரு வேலையா தங்கச்சி?" என்று என்னைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். கொஞ்ச நாள் கையைச் சுட்டேன், கொஞ்ச நாள் போனைச் சுட்டேன், பிறகு பழகிவிட்டது. பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான்.

ஹாஜியாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மனிதர் பழுது என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். தண்ணீரில் ஊறி, லொறி ஏறி, நசுங்கி வந்த போனைக்கூடக் கையில் வாங்கி, "களைச்சுப் போச்சி, வேற ஒண்டுமில்ல" என்பார். வலது கையால் வாங்குவார், பிஸ்மில்லாஹ் சொல்வார், வாயை மூக்கருகே பிடித்து மோந்து பார்ப்பார். பிறகு மூன்றே கேள்வி. "தண்ணியா? புள்ளையா? கோவமா?" உலகத்தில் போனுக்கு வரும் எல்லாக் கேடும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் கொள்கை. "ஒண்டுமில்ல, சும்மா இருந்திச்சி, தானா நிண்டுட்டு" என்று சொல்பவர்களை அவர் ஒரு பார்வை பார்ப்பார். உடனே உண்மை வந்துவிடும். பெரும்பாலும் கோபம்தான்.

அதன் பிறகு ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கை மெல்லியதாகச் சீவி ஒரு கிளாஸில் வைத்திருப்போம். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போனின் வாய்க்குள் முதலில் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு போனை நிறுத்திவிட்டு, ஈர்க்கால் ஓரம் ஓரமாகக் கிண்டி அழுக்கை எடுக்க வேண்டும். ஊசி, குண்டூசி, தலைக் கிளிப் எதுவும் கூடாது. உள்ளே இருக்கும் தகடு ஒன்றோடொன்று முட்டிவிடும். "வாயப் பாக்காம வயித்தக் கிழிக்காத" என்று ஹாஜியார் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வார். பாதிப் போன்கள் ஈர்க்கோடு சுகமாகிவிடும்.

அந்த அழுக்கைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவர் போன் என்றால் உப்பும் மணலும். நாவிதன்வெளியில் இருந்து வந்தால் நெல்லுச் சுணை. எடுத்து முடிப்பதற்குள் நமக்குக் கை கடிக்கும். ஆசிரியர் என்றால் சோக்குத் தூள். மருதமுனை என்றால் தறிப் பஞ்சு. பஞ்சின் நிறத்தைப் பார்த்து அந்த வீட்டுத் தறியில் இப்போது பச்சைச் சாரன் ஓடுகிறதா, நீலச் சாரன் ஓடுகிறதா என்றும் சொல்லிவிடுவேன். ஒரு முறை அப்படிச் சொன்னதற்கு ஒரு மனிசி என்னை மந்திரக்காரி என்று நினைத்துத் தன் மகனுக்கு ஓதித் தண்ணீர் கேட்டாள்.

கடையில் இரண்டு சட்டம். ஒன்று சுவரில் பலகையாகத் தொங்கியது: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது. மற்றது தொங்கவில்லை, ஹாஜியார் என்னிடம் முதல் நாளே சொன்னது. "தங்கச்சி, போனுக்குள்ள கண்டத போனுக்குள்ளயே வெச்சி மூடிரணும். உங்கட வாப்பா வந்து கேட்டாலும் சொல்லக் கூடா." பலகைச் சட்டத்தைவிட இது பெரிய சட்டம். இது போய்விட்டால் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணும் வரமாட்டாள்.

இந்தச் சட்டம்தான் என்னைச் சிக்கலில் மாட்டியது.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனை நபீசா வந்தாள். தறி வைத்திருக்கும் ஆதம்லெவ்வை காக்காவின் மனைவி; வயதில் மூத்தவரை நாங்கள் காக்கா என்போம். எனக்கு ஒத்த வயது, பழைய பழக்கம். போனில் சார்ஜ் ஏறவில்லை என்றாள். பார்த்தேன், வாய் நிறையப் பச்சைப் பஞ்சு. ஈர்க்கை எடுத்தேன். நான் கிண்டக் கிண்ட அவள் அழத் தொடங்கினாள்.

"என்ன புள்ள, போனுக்கு ஒண்டுமில்ல, பஞ்சுதான்" என்றேன்.

"போனுக்கு ஆரு அழுற? என்ட மகள்ர வாழ்க்க போகப் போகுது ஜெஸீமா!"

அவளுடைய மகள் சுமையாவுக்கு அப்போதுதான் கலியாணம் நடந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வருவார். வந்தவர் நௌசாத். சாய்ந்தமருதுப் பிள்ளை, கட்டாரில் வேலை, கலியாண லீவில் வந்து நின்றார். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் பொழுது பட்டால் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாராம். போனால் வெகுநேரம். சாப்பாட்டுக்கு எல்லோரும் காத்திருந்து பசித்துக் களைத்த பிறகுதான் திரும்பி வருகிறாராம்.

"அவர் வெளிய போனா சுமையா என்ட போன்ல அவருக்குக் கோல் எடுக்கிறா. போன் நிப்பாட்டியிருக்கி. எப்ப எடுத்தாலும் நிப்பாட்டித்தான் இரிக்கி! கட்டார்ல இன்னொண்டு இரிக்கோ எண்டு என்ட தங்கச்சி சொல்றா. பொண்ணுல விருப்பமில்லயோ எண்டு அடுத்த வீட்டுக்காரி சொல்றா. என்ட மனிசன் மரைக்காரிட்டச் சொல்லிட்டார். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வந்து கேக்கப் போறாங்க. மாப்பிள்ள ஏதும் சொல்லி எழும்பிப் போனா முடிஞ்சி!"

மரைக்கார் என்றால் பள்ளிவாசல் நிர்வாகப் பெரியவர். அவர் வீடு தேடி வருகிறார் என்றால் விளையாட்டில்லை. ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சுமையாவோ எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவள்.

ஆனாலும் தொழில் புத்தி போகுமா? "மாப்பிள்ள என்ன போன் வெச்சிருக்கார்?" என்று கேட்டேன்.

"ஐபோன். புதுசு. பின்னுக்கு மூணு கண் இரிக்கி. தங்கத் தகட்டுல பேரீச்ச மரம் போட்ட கவர்."

ஈர்க்கு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் போன் எனக்குத் தெரியும். கலியாணத்துக்குச் சில நாள் முன் ஆண்கள் பக்கத்தில் இருந்து திரைக்கு மேலால் என்னிடம் வந்தது. நுணுக்கமாக ஒட்டும் வேலையெல்லாம் என் கைக்குத்தான் வரும். அது பழைய ஐபோன். கமராவுக்கு மேல் மூன்று கண்ணாடிக் கண் ஸ்டிக்கர் ஒட்டிப் புதுப் போன் மாதிரி ஆக்கச் சொல்லியிருந்தார்கள். ஒட்டியவள் நான்தான். புதிய ஐபோனுக்குத்தான் சப்பட்டை சி வாய். பழையதற்கு அதைவிட ஒடுங்கிய, வேறு ஒரு வாய். சி வயர் அதற்குள் போகவே போகாது.

"உங்கட வீட்டுல என்ன வயர் இரிக்கி?"

இதைக் கேட்டதும் அழுத கண்ணோடு நபீசாவின் முகத்தில் பெருமை வந்தது. ஆதம்லெவ்வை காக்கா வீட்டில் முன்பு ஆளுக்கொரு வாய் வைத்த போன். பெருநாள் அன்று ஒரு வயருக்காக மகன்மார் இருவர் புதுச் சட்டை கிழியச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அன்றே காக்கா சட்டம் போட்டார்: இந்த வீட்டில் இனிச் சி மட்டும்தான். மற்ற வயரெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போனது. மகளுக்குக் கட்டிய வீட்டில் அறைக்கு அறை சி வயரைச் சுவருக்குள்ளேயே புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தார். யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலும் ஒன்று. குளியலறை வாசலிலும் ஒன்று. உலகமே சி-க்கு மாறிவிட்டது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்வாராம்.

"மாப்பிள்ள தன்ட சார்ஜரக் கொண்டு வரல்லையா?"

"கொண்டு வந்தார் புள்ள! முதல் கிழமையே சாரன் மடிப்புல வெச்சிக் கொண்டு வந்திருக்கார். என்ட மனிசன் கண்டுட்டார். எங்கட வீட்டுல என்ன குறை, மாப்பிள்ள சாமான் சுமக்கிறத்துக்கு? அண்டைக்கே அதப் பிரிச்சும் பாக்காம ஒரு தாம்பாளத்துல வெச்சி, வட்டிலப்பமும் வெச்சி, துணி போட்டு மூடி, மரியாதயா அவர்ர உம்மா வீட்டுக்கு அனுப்பிட்டம்."

சிரிப்பை அடக்க நான் போனின் வாய்க்குள் ஊத வேண்டியதாயிற்று. எல்லாம் விளங்கிவிட்டது. மாமி வீட்டுக்கு மாப்பிள்ளை ஒரு பொருளைக் கொண்டுபோனால், அந்த வீட்டில் குறை இருக்கிறது என்று சொன்ன மாதிரி. வாய் திறந்து கேட்டாலும் அப்படித்தான். புது மாப்பிள்ளை உப்புக் குறைந்தால்கூடச் சொல்லமாட்டார். மாமியோடு நேரே கதைப்பதும் இல்லை; மாமி கதவு மறைவில் நின்று வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வாள். இதில் என் போன் பழையது, ஸ்டிக்கர் ஒட்டியது, உங்கள் வயர் இதற்குள் போகாது என்று எப்படிச் சொல்வது? ஆகவே வட்டிலப்பத்தோடு திரும்பிப்போன சார்ஜரைத் தேடி ஒவ்வொரு நாளும் உம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். போன் நிறுத்தியிருந்ததும் களவுக்கல்ல, சார்ஜை மிச்சம் பிடிக்க.

சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் போனுக்குள் கண்டது. சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. சுமையா கலியாணத்துக்கு முன் சால்வைக்குக் குஞ்சம் கட்டிச் சேர்த்த காசில், வாப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் ஒரு பழைய ஐபோன் வாங்கியிருந்தாள். அதே வாய். அதன் வெள்ளை வயரை அலுமாரியில் உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றும் எனக்குத் தெரியும். கட்டார் மாப்பிள்ளைக்கு முன் பழைய போனை எடுக்க அவளுக்கு வெட்கம். தன்னுடையது பழையது என்று அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கம். ஒரே அறைக்குள் ஒரே மாதிரிப் போனை இருவரும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு, நடுவில் வாப்பாவின் சி வயர் சுவரில் தொங்குகிறது.

யோசித்தேன். வயர் இல்லாத சார்ஜ் தட்டு அந்த வாய், இந்த வாய் என்று கேட்காது. அதன்மேல் வைத்தால் ஏறிவிடும். அவருடைய போனுக்கு அந்த வசதி இருந்தது. "நபீசா, மாப்பிள்ளைக்கு ஒரு சார்ஜ் தட்டு வாங்கி வையுங்க. இப்ப அதுதான் மரியாத" என்றேன். மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் அந்த இடத்திலேயே கடையில் இருந்ததில் நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். தட்டுக் கட்சித் தம்பி இந்த இடத்தை நன்றாக வாசிக்க வேண்டும்.

அடுத்த நாளே திரும்பி வந்தாள். தட்டு வேலை செய்யவில்லை. மாப்பிள்ளை போனை அதில் வைத்தாராம், எடுத்தாராம், மஃரிப் தொழுதுவிட்டு வழமைபோல் போய்விட்டாராம்.

"தட்ட எப்பிடி வெச்சீங்க?"

"மேசயில வெச்சி, நாலா மடிச்ச நல்ல தறித் துணியால மூடி வெச்சன்."

"ஏன் மூடின நீங்க?"

"மாப்பிள்ளைக்கு வெக்கிற தட்டத் திறந்தா வெக்கிற?" என்று என்னையே மடக்கினாள்.

நியாயம்தானே. எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு வைக்கும் எந்தத் தட்டும் துணி மூடாமல் போனதில்லை. ஆனால் நாலாக மடித்த துணிக்கு மேலால் சார்ஜ் ஏறாது. துணியை எடுக்கச் சொல்லி அனுப்பினேன். அன்றும் பலன் இல்லை. துணியைத் தாண்டினால் தங்கத் தகட்டுப் பேரீச்ச மரம். இடையில் தகடு வந்தால் தட்டு சூடாகி நின்றுவிடும். மாமி வீட்டுப் பொருளைச் சுட்டுப் பழுதாக்கிவிட்டேன் என்று பயந்த மாப்பிள்ளை, தட்டைத் துடைத்து, அதே துணியால் பத்திரமாக மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கவரைக் கழற்றுங்கள் என்று மாப்பிள்ளையிடம் எந்த மாமி சொல்வாள்?

வியாழக்கிழமை ஹாஜியாரிடம் போனேன். யாருடைய போன் என்று சொல்லவில்லை. "ஹாஜியார், நான் கண்டதச் சொன்னா ஒரு கலியாணம் தப்பும். சொல்லாட்டி முறியும். என்ன செய்யிற?" என்றேன்.

அவர் பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார். "கண்டதச் சொல்லாதீங்க தங்கச்சி" என்றார். எனக்கு மனம் விழுந்துவிட்டது. எழும்பிப் போகத் திரும்பினேன். "ஆனா கேள்வி கேக்க வேணாம் எண்டு நான் ஒரு நாளும் சொல்லல்லயே" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்த வீட்டு முன் மண்டபத்தில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். மரைக்கார் நடுவில், ஆதம்லெவ்வை காக்கா ஒரு பக்கம், நௌசாத்தும் அவர் வாப்பாவும் மறுபக்கம். நபீசாவும் நானும் உள் கதவுத் திரைக்குப் பின்னால். சுமையா அறைக்குள். அவள் அழுது முகம் வீங்கியிருந்ததைப் பார்த்தபோது, சட்டமாவது மண்ணாவது, சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் எனக்கு வந்தது.

"மகன், இந்த வீட்டுல ஒங்களுக்கு என்ன குறை?" என்று மரைக்கார் கேட்டார்.

"ஒரு குறையுமில்ல."

"பொண்ணுல?"

"அல்லாஹ்வுக்காக, ஒரு குறையுமில்ல!" நௌசாத் தலையை நிமிர்த்தித்தான் சொன்னார். ஆனால் உடனே குனிந்துகொண்டார்.

"அப்ப ஏன் பொழுது பட்டா வெளிய போற நீங்க?"

நௌசாத் கையில் இருந்த போனைப் பார்த்தார். நௌசாத்தின் வாப்பா, "என்ன மாப்புள்ள இவன், நம்மட ஊட்டுலயும் வந்து ஒண்டும் கதைக்கிறானில்ல, மூலைக்குள்ள இருந்துட்டுப் போறான்" என்றார். அந்த மூலையில்தான் பிளக் இருந்திருக்கும். அது எனக்கு மட்டும்தான் விளங்கியது. ஆதம்லெவ்வை காக்காவின் முகம் இருண்டது. மரைக்கார் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குப் பிறகு வருவது நல்ல வார்த்தையாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் திரைக்குப் பின்னால் நின்று சத்தமாகக் கேட்டேன். "மாப்பிள்ளைட போனுக்குச் சார்ஜ் இரிக்கா? இல்லாட்டி ஆராவது ஒருக்காப் போட்டுக் குடுங்களன்."

கூட்டமே திகைத்தது. கலியாணம் முறிகிற நேரத்தில் இந்தக் கிழவிக்குச் சார்ஜ் கேட்கிறது என்று மரைக்கார் நினைத்திருப்பார். ஆனால் ஆதம்லெவ்வை காக்காவைப் பற்றி எனக்குத் தெரியும். சார்ஜ் என்று ஒருவர் சொன்னால் அந்த மனிதரால் சும்மா இருக்க முடியாது.

"எங்கட வீட்டுல சார்ஜுக்கா பஞ்சம்? தாங்க மருமகன்!" என்று எழும்பி, நௌசாத் தடுப்பதற்குள் போனைக் கையில் இருந்து எடுத்துவிட்டார். சுவர் வயரை இழுத்துக் குத்தினார். போகவில்லை. திருப்பிக் குத்தினார். போகவில்லை. "இந்த வயர் சரியில்ல" என்று அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் போகவில்லை. குசினிக்குப் போனார். நாங்கள் பெண்கள் விலகி வழிவிட, மரைக்காரும் பின்னால் வந்தார். "கொஞ்சம் அமத்திப் பாருங்க" என்று மரைக்காரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அமத்தினார். நௌசாத்தின் வாப்பா வெளிச்சம் அடித்தார். கலியாணத்தைப் பேச வந்த சபை முழுவதும் குளியலறை வாசலில் நின்று ஒரு வயரோடு மல்லுக்கட்டியது. அந்த இழுபறியில் போனின் ஒரு கண் கழன்று விழுந்து நிலத்தில் உருண்டது. பிறகு இரண்டாவது கண். நான் ஒட்டியவை. ஒட்டியவள் கண்முன்னாலேயே கழன்றன.

மரைக்கார் அந்தக் கண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பழைய போன்" என்றார் நௌசாத். "தங்கச்சிட ஊட்டுக்கு ஓடு போட்டதுல மாத்த ஏலாமப் போச்சி. கட்டார் மாப்பிள்ள எண்டு எல்லாரும் சொல்லக்குள்ள, எடுத்துக் காட்ட வெக்கமா இருந்திச்சி. சார்ஜ் போடத்தான் உம்மா ஊட்ட போன நான். வேற ஒண்டுமில்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் தங்கைமாருக்கு வீடு கட்டியே தேய்ந்துபோன ஆண்பிள்ளைகள் எத்தனை பேர். ஆதம்லெவ்வை காக்காவும் அப்படித் தேய்ந்தவர்தான். அவர் வயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அப்போது அறைக் கதவு திறந்தது. சுமையா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் அந்த வெள்ளை வயர். யாரையும் பார்க்காமல் போனை வாங்கி வயரைக் குத்தினாள். ஒரே குத்தில் ஏறியது.

"இது எங்கால மகள்?" என்றார் வாப்பா.

"என்ட போன்ர வயர் வாப்பா. எனக்கிட்டயும் இதே பழைய போன்தான் இரிக்கி" என்றாள். பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டார். கலியாணம் முடிந்து அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்ததை அந்த வீட்டில் எல்லோரும் அன்றுதான் கண்டார்கள்.

மரைக்கார் அந்த ஸ்டிக்கர்க் கண்ணை ஆதம்லெவ்வை காக்காவின் கையில் வைத்தார். "ஆதம்லெவ்வ, நீ வீடு முழுக்க வயர் வெச்சிருக்காய். வந்த மனிசன்ட போன ஒருக்காத் திருப்பிப் பாத்தியா?" என்றார்.

நபீசாவால் அடக்க முடியவில்லை. மாமி மாப்பிள்ளைக்கு முன் வரக்கூடாது என்பதையே மறந்து முன்னுக்குப் போய், "ஏன் மகன், ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே! வாய் திறந்து கேட்டா நாங்க தரமாட்டமா?" என்று நெஞ்சில் அடித்தாள். பிறகு தான் நிற்கும் இடம் நினைவு வந்து, முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

நௌசாத் கொஞ்சம் யோசித்தார். "மாமி" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "அப்ப ஒரு பிளேன்டி தருவீங்களா? சீனி குறைச்சி. இவ்வளவு நாளும் தந்த டீயெல்லாம் தொண்டையால இறங்கல்ல."

அந்த வீட்டுக் கூரை சிரிப்பில் பறக்காதது ஆச்சரியம். மரைக்காரும் தனக்கும் சீனி குறைத்து ஒன்று கேட்டார். அவருக்கும் பல வருடமாக அந்த வீட்டு டீ இனிப்புத்தானாம்.

ஆகவே தம்பிமாரே, வயர் நல்லதா, தட்டு நல்லதா என்று என்னிடம் கேட்காதீர்கள். சி நல்ல வாய்தான். தட்டும் நல்லதுதான், துணி போட்டு மூடாவிட்டால். எதுவானாலும் விற்கும் முன் வந்தவரின் போனைத் திருப்பிப் பாருங்கள், மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் சோற்றுக்கும் பயப்பட வேண்டாம். தறிப் பஞ்சும் நெல்லுச் சுணையும் இருக்கும்வரை ஈர்க்குக்கு வேலை இருக்கும். ஒரு நாள் போனில் வாயே இல்லாமல் போனாலும், தண்ணீரும் பிள்ளையும் கோபமும் இந்த ஊரை விட்டு எங்கே போய்விடப் போகின்றன?

நௌசாத் பிறகு கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. மாமாவோடு சாரன் வியாபாரத்தில் சேர்ந்துவிட்டார். நான் கடையில் இருந்த கடைசி நாட்களில் ஒரு நாள் நபீசா திரைக்குப் பின்னால் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். போன் கொண்டுவரவில்லை.

"என்ன புள்ள, இப்ப என்ன வருத்தம்?"

"மாப்பிள்ளதான்."

"ஏன், மறுகா உம்மா வீட்ட போறாரா?"

"எங்க போறார்? வீட்டுலதான்! விடிஞ்சா 'மாமி, டீ சீனி குறைச்சி'. குளிக்கப் போனா 'மாமி, சவுக்காரம்'. சோறு வெச்சா 'மாமி, உப்புக் காணா'. 'மாமி, என்ட வயர் எங்க? மாமி, ஆரு என்ட வயர எடுத்த?' எனக்குக் கால் உளையுது ஜெஸீமா. நீதானே திருத்தின நீ. முந்தி இருந்தாரே, ஒண்டும் கேக்காத மாப்பிள்ள, அவரத் திருப்பித் தர ஏலுமா?"

நான் திரையை விலக்கி, சுவரில் தொங்கிய 'விற்ற பொருள்' பலகையைக் காட்டினேன்.